அக்னஸுக்கு வேலை வாங்கித் தந்த சொல்

1926இல் அக்னஸுக்குப் பதினெட்டு வயது. டத்தோ கிராமாட் சாலைக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் உதவி ஆசிரியை இடம் ஒன்று காலியாக இருந்தது. அக்னஸோடு சேர்த்து மூன்று பெண்கள் கேட்டிருந்தார்கள்; பரீட்சை வைத்து ஒருத்தியை எடுப்பார்கள். கிடைக்காவிட்டால் நிபோங் திபால் ஊர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று அண்ணன் பெஞ்சமின் முடிவாகச் சொல்லிவிட்டான்.

பரீட்சைக்கு முதல்நாள் மாலை, அவள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிளம்பினாள்.

“இப்பப் போய் பாட்டா? லத்தீன்ல கத்துனா வேலை தருவாங்களா லா?” என்றான் பெஞ்சமின்.

“கத்தாம இருந்தா மட்டும் தருவாங்களாண்ணே?”

“விடுடா, இவ இல்லன்னா அங்க சுருதியே நிக்காது” என்றாள் அம்மா அமலம்மாள்.

ஒன்பது வயதிலிருந்து ஞாயிறுதோறும் பாடுகிறாள். லத்தீன் யாரும் கற்பிக்கவில்லை. பூசையில் லத்தீனில் பாடும் விசுவாச மந்திரத்தின் தமிழ் வரிகளை மனத்துக்குள் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லுக்கு எது என்று தேடுவது அவளுடைய இரகசிய வழக்கம்.

மறுநாள் பரீட்சை நடத்த வந்த துரை, கொடிமலை மேல் ஏறும் ரயிலைப் பற்றிய ஒரு பத்தியை வாசிக்கக் கொடுத்தார். அதில் ‘அசெண்ட்’ என்ற சொல் இருந்தது. ‘ஏற்றம்’ என்று பொருளை மூவரும் சொல்லிவிட்டார்கள்.

“சரி, சொல் எங்கிருந்து வந்தது?”

“லண்டனிலிருந்து, சார்” என்றாள் ஒருத்தி. “தெரியாது, சார்” என்றாள் அடுத்தவள்.

அக்னஸ் ஓரடி முன்னே வந்தாள். “பாடிக் காட்டலாமா, சார்?”

துரை புருவத்தை உயர்த்தினார். அவள் பாடினாள்: “தெஷெந்தித் தே சேலிஸ்… அஷெந்தித் இன் சேலும்.”

“முதல் வரியில் ஆண்டவர் இறங்குகிறார். அடுத்ததில், தமிழில் நாங்கள் சொல்வதுபோல, பரலோகத்துக்கு எழுந்தருளுகிறார். இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான் சார். அதற்கு ஏறுவது என்று பொருள் இருக்க வேண்டும். மேலேயா கீழேயா என்பதைத் தலை சொல்கிறது.”

“ஏறுவதுதான். அரசர் அரியணைக்குப் போவதும் புகை மேலே போவதும் இதே சொல்தான், தெரியுமா?”

“தெரியும், சார். தமிழில் அரசர் ஏறுவார், புகை எழும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே படியில் அனுப்புகிறது.”

துரை வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த தலைமைக் கன்னியாஸ்திரீயிடம் திரும்பி, “இனி நான் வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை” என்றார்.

திங்கட்கிழமை காலை அக்னஸ் வகுப்புக்குள் நுழைந்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தடதடவென எழுந்து நின்றார்கள்.

“குட் மார்னிங், டீச்சர்!”

தனக்காக எழுந்தவர்களை அவள் உடனே உட்காரச் சொல்லவில்லை.