இல்லாத தோள் நோ

ஒரு கிழவியின் வெட்கக்கேட்டைக் கேட்க உங்களுக்கு இவ்வளவு ஆசையா? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

என் பேரன் கவின் பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் விளையாடுகிறவன். பந்து எறிவதில் சூரன். அமெரிக்கக் கல்லூரியில் இலவசமாகப் படிக்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி. இரண்டு வருடம் வீடியோ எடுத்து எடுத்து அனுப்பினோம். கடைசியில் அங்கேயிருந்து ஒரு கோச், லண்டனில் நாங்கள் இருக்கிற இல்ஃபோர்டுக்கே பார்க்க வந்தார். மகளுக்கு ஷிப்ட், துணைக்குப் போனது நான்.

ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, இப்படியொரு கையைக் கண்டதில்லை என்று புகழ்ந்தார். எனக்கு நாவூறு பயம், பிள்ளைக்குத் திருஷ்டி பட்டுவிடுமே என்று. பிள்ளையைப் புகழ்ந்தால் உடனே ஒரு குறை சொல்லிவிடுவதுதானே எங்கள் வழக்கம்?

"நோ நோ சேர், ஷோல்டர் பெயின். எவ்ரி நைட் கிரையிங்" என்று அள்ளிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார்.

தோளில் நோ உள்ளவனை எடுக்க ஏலாது என்று பதில் வந்தது. கவின் மறுத்து எழுதுவதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

"அம்மம்மா, அவரோட என்ன கதைச்சனீங்கள்?"

சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அவன் ஏன் அமெரிக்கா போகவில்லை என்று அயலவர்கள் விசாரித்தபோது, மானம் போகாமலிருக்க, "நான்தான் அவனைப் போக விடேல்லை" என்றேன்.