உப்பு டைரக்டர் என்று நீங்கள் கூப்பிட்டவர்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், என் மாமியார், பால் கறக்க வந்த முனியம்மா, எங்கள் கிடேரியை விலை பேச வந்திருந்த குந்தாரப்பள்ளி மாட்டுத் தரகர் நஞ்சப்பா, நான். வேறு யாரும் இல்லை. வீட்டுக் கணக்கு எழுதி எழுதியே எழுத்துப் படித்தவள் நான். இருந்தவரை விடவும் மாட்டேன், இல்லாதவரைச் சேர்க்கவும் மாட்டேன்.

பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய கண்டக்டர் ஒருவர் வந்து நின்று, "உப்பு டைரக்டர் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார்.

கிடேரியின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நஞ்சப்பா சிரித்தார். அந்தப் பெயர் பிறந்தது அவர் வாயில். யார் சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரித்து முடிப்பதற்குள் கண்டக்டர் மீதியையும் சொல்லிவிட்டார். "சூளகிரியில பஸ்ஸுக்கு உக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருங்க. உசுரு இல்லீங்க. பேரு என்னான்னு கேட்டோம். யாருக்கும் தெரியல. உப்பு டைரக்டருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

அவர் பெயர் திருமலை. என் வீட்டுக்காரரின் தம்பி, எனக்குக் கொழுந்தனார். பெயர் கேட்டபோது தெரியாதவர்களுக்காக இதை முதலில் எழுதி வைக்கிறேன். கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சகத்தார் இதைத் தாளில் அடித்துத் தருகிறார். செத்தவரைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதினால் போதும் என்றார்கள். நல்லதை எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன்.

நல்ல மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. சின்ன வயதில் சென்னைக்கு ஓடினார். ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து, பலர் காலைப் பிடித்து, கடைசியில் ஒரே ஒரு படம் எடுத்தார். படத்தின் பெயர் மேகவல்லி. மேகத்திலிருந்து ஏரியில் குளிக்க இறங்கும் தேவப்பெண் ஒருத்தி. அவளைப் பார்த்து மயங்கும் வண்டிக்காரன் ஒருவன். மண்ணுலகத்து உப்பைத் தின்றுவிட்டால் அவளால் மேலே திரும்பிப் போக முடியாது. தெரிந்தேதான் அவன் உள்ளங்கையிலிருந்து அவள் உப்பை எடுத்துத் தின்கிறாள். நாளாக நாளாக ஒளி போய், முடி நரைத்து, எல்லாப் பெண்களையும் போல் ஆகிவிடுகிறாள். அவனோ அந்தத் தேவப்பெண் மறுபடியும் வருவாள் என்று ஏரிக்கரையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறான். வீட்டில் அவள் ராகி அரைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

உப்புத் தின்னும் காட்சிக்கு நடிகைக்கு உப்பையே கொடுத்தாராம், வாந்தி எடுக்கும்வரை. "சர்க்கரையைக் கொடுத்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். "சர்க்கரை தின்னா முகம் சர்க்கரை தின்ன முகமாத்தான் இருக்கும் அண்ணி" என்றார். அந்தப் பெண்ணின் வயிறு என்ன ஆயிற்று என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை.

மற்ற ஊர்களில் படம் எப்படி ஓடியது என்று நான் பார்க்கவில்லை. குந்தாரப்பள்ளியில் ஓடியதைப் பார்த்தேன். சந்தை நாள். சந்தை மைதானத்தை ஒட்டி டூரிங் கொட்டகை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். சொந்த ஊருக்குப் படம் வருகிறது என்று கொழுந்தனார் பட்டு ஜிப்பாவில் வந்து, மெஷின் பக்கத்தில் நின்றார்.

நம் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்கு பேசுகிறவர்கள், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். தமிழ் வசனம் புரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று, ஒவ்வொரு பேச்சையும் தெலுங்கிலும் கன்னடத்திலும் உரக்கச் சொல்லுவார். எங்கள் கொட்டகையில் அந்த ஆள் நஞ்சப்பா. சந்தையில் பகலெல்லாம் மூன்று பாஷையில் விலை பேசுகிற தொண்டை அது.

முதல் ரீலை நஞ்சப்பா சொன்ன அழகை நான் மறக்கவில்லை. தேவப்பெண் ஏரியில் இறங்கி, "இந்த நீர் என்னைவிடக் குளிர்ந்திருக்கிறதே" என்கிறாள். நஞ்சப்பா அதைத் தெலுங்கில் சொன்னபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெட்டி வீட்டு அம்மாள் தன் தோளைத் தானே தடவிக்கொண்டாள். எனக்கு வீட்டுத் தெலுங்கு தெரியும். அவர் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். வசனத்தில் இல்லாத சொல்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். கொழுந்தனார் நேராகத் திரைக்கு நடந்துபோனார். கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: "யோவ், நிறுத்துய்யா. மாட்டை விக்கற வாயால என் படத்தைத் தொடாதே."

நஞ்சப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அடுத்த ரீல் வெறும் தமிழில் ஓடியது. பாதிக் கொட்டகைக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏமி செப்புதுந்தி ஆமெ?" என்று தெலுங்கில் ஒரு பக்கம் கத்தல். அவள் என்ன சொல்கிறாள் என்று கன்னடத்தில் இன்னொரு பக்கம் கத்தல். மண் கட்டி பறந்து வந்து திரையில் விழுந்தது. கொட்டகைக்காரர் நஞ்சப்பாவின் கையைப் பிடித்து, "என் கொட்டாயைக் காப்பாத்துய்யா" என்று கெஞ்சினார்.

நஞ்சப்பா எழுந்தார். சரியாக அப்போதுதான் உப்புக் காட்சி.

கொட்டகையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். சந்தைக்கு முதல் நாள் சில வியாபாரிகள் மெலிந்த மாட்டுக்கு உப்புக் கொடுப்பார்கள். தாகம் எடுத்து அது தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு உப்பி நிற்கும். வாங்குகிறவன் கொழுத்த மாடு என்று நம்பி ஏமாறுவான். தேவப்பெண் வண்டிக்காரன் கையிலிருந்து உப்பை எடுக்கக் குனிகிறாள். நஞ்சப்பா மூன்று பாஷையிலும் கூவினார்: "பாத்துக்கங்கடா! உப்பு வெச்சுத் தண்ணி காட்டறான்! வயிறு ரொம்பினதும் சந்தைக்கு ஓட்டிடுவான்! வாங்கறவன் பல்லைப் புடிச்சுப் பாத்து வாங்கு!"

அந்தச் சிரிப்பில் கொட்டகைத் துணி ஆடியது. அதற்குப் பிறகு படம் ஓடவில்லை, மாட்டு வியாபாரம்தான் ஓடியது. அவள் அழுதால் கறக்கும்போது உதைப்பாள் என்றார். அவன் அவள் கன்னத்தைத் தொட்டால் தரகு எவ்வளவு என்றார். கடைசியில் அவள் நரைத்த தலையோடு ராகிக்கல் சுற்றுகிற காட்சி. அதில் வசனமே கிடையாது, கல் சுற்றும் சத்தம் மட்டும்தான். அங்கேயும் விடவில்லை. "தேவலோகத்துப் பசு கறவை வத்திப்போச்சுடா!"

ஆண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மைசூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர், பறக்கிற பெண் என்று சொல்லிவிட்டுக் கல் சுற்றுகிறவளைக் காட்டினார்கள், துட்டைத் திருப்பிக் கொடு என்று கொட்டகைக்காரரைப் பிடித்துக்கொண்டார். என் மாமியார், "தேவலோகம் காட்டறேன்னு கூட்டியாந்து ராகிக்கல்லைக் காட்டறானே, இது நம்ம வூட்லயே இல்லயா?" என்று மகனைத் திட்டினார். மண்சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவ கை என் கையாட்டமே இருக்குதும்மா" என்றாள். அவள் முகம் முழுக்கத் தண்ணீர்.

இதைக் கொழுந்தனாரிடம் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று. "பொம்பளைங்க வெங்காயத்துக்கும் அழுவாங்க அண்ணி" என்றார். முனியம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவர் அப்படித்தான். தன்னை அடித்தவர்களையும் அடிக்காதவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்.

அடுத்த படத்துக்கு யாரும் பணம் போடவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். நீங்கள் விடவில்லை. காப்பிக் கடையில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தீர்கள். முகம் சுளிக்காமல் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். எங்கள் நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தியில், பரிமாறுகிறவர்கள் வரிசையாக வந்து அவர் இலையில் உப்பை மட்டும் வைத்தார்கள். ஒருவர் போனால் அடுத்தவர், மறுபடியும் உப்பு. இலையில் சோறு விழவே இல்லை. "டைரக்டர் சாருக்கு இன்னும் கொஞ்சம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பந்தியே சிரித்தது. அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். இதை எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் பெருமாளுக்காக உப்பில்லாமல் சாப்பிடுவது என் வழக்கம். பந்தியிலிருந்து எழுந்து வந்த பிறகு கொழுந்தனார் எல்லா நாளும் உப்பை விட்டார். ஏதோ வேண்டுதல் என்று மாமியார் பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சந்தேகம். பெருமாள் பக்கமே திரும்பாத ஆளுக்கு என்ன வேண்டுதல்? கேட்டுவிட்டேன். "உப்பு நாக்குல பட்டா அந்தச் சிரிப்பு காதுல கேக்குது அண்ணி" என்றார். அதற்குப் பிறகு குழம்பில் உப்புப் போடுமுன் ஒரு கரண்டி அவருக்காகத் தனியே எடுத்து வைப்பேன். சப்பென்று இருக்கிறது என்று அதற்கும் குறை சொல்லுவார்.

போன ஆடியில் ஒருநாள் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, மொத ரீல்ல நஞ்சப்பா சொன்ன தெலுங்கு ஞாபகம் இருக்குதா?"

"தண்ணியில எறங்கற எடந்தானே? இருக்குது."

"அது என் வசனத்தைவிட நல்லா இருந்துது. அதனாலதான் போய் நிறுத்துனேன்."

நான் கரைப்பதை நிறுத்தினேன். இத்தனை வருஷம் அந்த ஆளைத் தரகன் என்றும் எருமை என்றும் திட்டிக்கொண்டிருந்தவர்.

"அவன் கடைசிவரைக்கும் ஒழுங்கா சொல்லி ஒருக்கா கேக்கணும். அந்தக் கல்லு சுத்தற எடத்துல அவன் என்ன சொல்லுவான்னு தெரியணும்."

"போய்க் கேட்டா என்ன? வாரா வாரம் சந்தைக்கு வராரு."

"கேட்டா சிரிப்பான்."

"நான் கேக்கட்டுமா?"

"நான் செத்தப்பறம் கேளுங்க. அப்ப சிரிச்சா எனக்குக் கேக்காது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த மாதம் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் செத்தும்போனார்.

கண்டக்டர் செய்தி சொல்லி முடித்ததும் நஞ்சப்பா கிடேரியின் வாயை விட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கெடேரிய அப்பறமா பாத்துக்கலாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தார். தூக்குகிற அன்று வரவில்லை. காப்பிக் கடையிலிருந்தும் யாரும் வரவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்களை என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன். பாதிப் பக்கம்கூட வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன? படமில்லை, பட்டு ஜிப்பாவை மாமியார் பெட்டியில் வைத்துவிட்டார். எனக்கு மிஞ்சியது ஒரு கரண்டிக் குழம்பு. உப்புப் போடுமுன் கை தானாக எடுத்து வைத்துவிடுகிறது. திரும்பக் கொட்ட மனம் வரவில்லை. நானே சாப்பிட்டுவிடுகிறேன், இப்போது எல்லாக் கிழமையும்.

இனி நஞ்சப்பாவுக்கு. அவருக்குத் தமிழ் படிக்க வராது என்று கேள்வி. இந்தத் தாள் கையில் இருப்பவர் யாராவது சந்தையில் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

நஞ்சப்பா அவர்களே, கொட்டகை மறுபடியும் குந்தாரப்பள்ளிக்கு வந்திருக்கிறது. மேகவல்லியை ஓர் ஆட்டம் போடக் கொட்டகைக்காரர் சம்மதித்திருக்கிறார். நீங்கள் திரைப் பக்கத்தில் நின்றால்தான் போடுவாராம். மாட்டுக் கதையைக் கேட்டுச் சிரிக்கக் கூட்டம் வரும் என்பது அவர் எண்ணம். என் எண்ணம் வேறு. முதல் ரீலில் சொன்னது போலக் கடைசிவரை சொல்ல வேண்டும். கல் சுற்றும் இடத்தில் என்ன சொல்வது என்று உங்களுக்கே தெரியும். ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் சரி. முனியம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் சிரிக்கக் கூடாது.

படப்பெட்டி சேலத்தில் இருக்கிறது, அதற்குச் சொல்லியனுப்ப வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.