பாடகர் இல்லாத ஆல்பம்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒரு காலத்தில் ஓர் இசைக்குழுவின் பாடகர். அவரைக் கழற்றிவிட்டவர்கள் வேறு யாரையும் பாட வைக்கவில்லை. வெறும் வாத்தியங்களை வைத்தே ஆல்பம் ஆல்பமாகப் போட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். இன்னொரு பாடகன் வந்திருந்தாலாவது அவனைக் கரித்துக் கொட்டியிருக்கலாம். தன் குரல் நுழைய ஓர் இடுக்காவது இருக்குமா என்று எல்லாவற்றையும் திருட்டுத்தனமாகக் கேட்டார். இல்லை. அத்தனை கச்சிதம்.

அவர்களின் புது ஆல்பத்தை மனைவி அவருடைய ரிப்பேர் கடையிலேயே ஒலிக்கவிட்டாள்.

"கிட்டாருக்கு அடியில ஏதோ முனகுதே, மனசையே உருக்குது! என்னங்க அது?"

அவர் காதைக் கொடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"பழைய ஃப்ரிட்ஜ்! நான் நின்ன இடத்துல அதை நிக்க வெச்சிருக்கானுங்க. கம்ப்ரஸர் ரொம்ப நாள் தாங்காது."

"அப்போ உங்களைத்தானே கூப்பிடணும்?"

"போய்ச் சரி பண்ணிட்டா, மறுபடியும் அதுதானேடி பாடும்!"