நான் வாய் திறக்கக் கூடாத மூன்று வாரங்கள்

பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு, கைரேகை வைத்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின் செய்துகொண்டிருந்தோம். உள்ளே ஓடுவது லினக்ஸ். கைரேகை சிப்பை அதோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது என் வேலை. அந்த மென்பொருளின் கோடு முழுவதையும், யார் வேண்டுமானாலும் பார்த்து மாற்றிக்கொள்ளும்படி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டால்தான் ஆர்டர் என்று தொழிற்சாலை கறாராகச் சொல்லியிருந்தது. பழைய சப்ளையர் கடையை மூடிக்கொண்டு போனதில் சூடுபட்டவர்கள்.

சிப்போடு எப்படிப் பேசுவது என்று சொல்லும் மேனுவல் வேண்டுமென்றால் மூன்று பக்க ஒப்பந்தத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றது சிப் கம்பெனி. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அங்கே எதற்கெடுத்தாலும் ஒரு ஃபாரம்; எதை நீட்டினாலும் படிக்காமலே பேனாவை எடுத்துவிடுவேன். போட்டேன். நானூறு பக்க மேனுவலை ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்தேன்.

ஆம்பூரிலிருந்து வந்து எங்கள் டீமில் சேர்ந்திருந்த ஃபர்சானா, மேனுவலைத் தொடும் முன் ஒப்பந்தத்தைப் படித்தாள்.

"சார், இந்த மேனுவலப் படிச்சு எழுதுற கோட வெளிய விடக்கூடாதுன்னு போட்டிருக்கே."

"எங்க?"

"ரெண்டாம் பக்கத்துல. நீங்க பாக்கலையா?"

மேனேஜர் சிப் கம்பெனிக்கு போன் போட்டார். கையெழுத்தானதை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். மேனுவலைப் பார்க்காத ஒருவர், சிப்பின் சிக்னல்களைக் கவனித்துத் தானாகக் கண்டுபிடித்து எழுதினால் தடையில்லை என்றார் எங்கள் வக்கீல். வேலை ஃபர்சானாவுக்குப் போனது. மேனுவலைப் படித்துவிட்ட நான் பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாம் வாரம் அவள் மாட்டிக்கொண்டாள். சிப் விழிக்கவே மாட்டேன் என்றது. காரணம் எனக்குத் தெரியும். அவள் விடையை நெருங்கும்போதெல்லாம் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

"சார், உங்க மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடும் போல. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

மேனேஜர் என் நாற்காலியை வாட்டர் கூலர் பக்கம் தள்ளிவைத்தார்.

மூன்றாம் வாரம் சிப் விழித்து, மெஷின் பீப் என்றது. "ரெண்டு கமாண்டுக்கு நடுவுல கொஞ்சம் காத்திருக்கணும் சார். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"நக்கோமா, வேணாம்மா, நான் எதுவும் சொல்லக் கூடாது."

ஆபீஸே சிரித்தது. ஆர்டர் கைநழுவாமல் தப்பியது. டிரைவர் அவள் பெயரில் வெளியானது. பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அடுத்த வருடம் அதே கம்பெனியின் புது சிப் வந்தது. இந்தத் தடவை பேனாவை எடுக்கும் முன் கேட்டேன்: "மேனுவலப் பாத்து எழுதுற கோட வெளியிட எங்களுக்கு உரிமை வேணும். இந்த வரி இருந்தா சரிப்படாது."

சிப் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

"போன தடவையே இதக் கேட்டிருக்கலாமே சார்" என்றார்.