தயாபரன் பொரித்த நோக்கோல் இலை

பலாபத்வல உப தபாலகத்தில் முத்திரை குத்தும் தயாபரன் நல்ல மனுஷர். ஆனால் ஆள் ஓரிடம், நினைப்பு ஓரிடம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் பால் வைத்ததே ஞாபகம் வரும். மலைப்பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் போதும், கவுண்டரில் நிற்பவர்கள் தொண்டையைச் செருமித்தான் அவரைத் திரும்ப அழைக்கவேண்டும்.

அந்த நினைப்பு போகிற ஊர் காஷ்மீர். நுவரெலியாவைத் தாண்டிய குளிரை அவர் கண்டதில்லை. எல்லாம் போனில் பார்த்ததுதான். சிவப்புச் சால்வை போட்ட ஓர் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, கீரை இலைகளை முழுசாக மாவில் தோய்த்து எண்ணெயில் விடுவார். பேசுவதில் ஒரு சொல்லும் புரியாது. இலை ஓரம் நெளிந்து, விறைத்து, மொறுமொறுவென்று மேலே வரும். கடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தயாபரன் தூங்கிப்போவார். கல்யாணம் என்ற ஒன்று தன்னைத் தாண்டிப் போய்விட்டதென்று அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

இப்படிப்பட்டவருக்கு சந்திரவதனா டீச்சரின் சம்பந்தம் வந்தது. மாத்தளை டவுனில் வீடு, நாவுலவில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு டீச்சர் உள்ளே போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க என்னப் பாத்துட்டீங்க. நானும் உங்க வீட்டப் பாக்கணும்" என்றார். "அம்மா போனதுலருந்து இந்த வீட்ல எல்லாருக்கும் நான்தான் ஆக்கிப் போடுறேன். இன்னொரு அடுப்படிக்கு அதே வேலைக்கு வரமாட்டேன். நீங்க உங்க கையால ஏதாவது செஞ்சு குடுங்க. சாப்பிட்டுட்டு பதில் சொல்றேன்."

கூட வந்திருந்த தயாபரனின் அண்ணிமார் முகம் சுண்டிப்போனது. தயாபரனுக்கோ அந்தப் பேச்சு அப்படியே பிடித்துவிட்டது. டீச்சர் வேண்டாமென்று சொன்னால் தாங்கமுடியாது என்பது திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பருப்பும் சோறும் நன்றாகவே ஆக்குவார். அதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கேட்டால்தானே! காஷ்மீர் இலைப் பொரியலைத்தான் செய்வேன் என்று நின்றார். வீடியோவில் கண்ட இலை, நூல்கோல் என்றும் சொல்லும் நோக்கோலின் இலை மாதிரியே இருந்தது. சந்தையில் கிழங்கை விற்றுவிட்டு இலையை எறிந்துவிடுவார்கள். "முயல் வளக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் இளம் இலைகளாகப் பார்த்து ஒரு கட்டுச் சும்மாவே கொடுத்தார்.

டீச்சர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை பின்னேரம், அவர் வருமுன்பே எண்ணெய் காய்ந்தது. அரிசிமாவில் மிளகாய்த்தூள், உப்பு, கசக்கிய சின்னச்சீரகம், குளிர்ந்த தண்ணீர். இலையைத் தோய்த்து விட்டார். மா முழுவதும் கழன்று மணல்போல அடியில் போய் உட்கார்ந்தது. மேலே இலை மட்டும் துவண்டு மிதந்தது. இன்னொன்று விட்டார், அதுவும் அப்படியே. புகை மண்டிய நேரம் பார்த்து வாசலில் டீச்சர்.

"பழுதாப் போச்சு டீச்சர்" என்றார் தயாபரன். மறைக்க அவருக்குத் தெரியாது.

டீச்சர் மாவைத் தொட்டு விரலால் உரசினார். சிரிப்பு வந்துவிட்டது. "இது இடியாப்ப மா. வறுத்தது. இதுக்குப் பச்சை மா வேணும்."

இலங்கையில் எந்த வீட்டிலும் அரிசிமா என்றால் முதலில் கையில் வருவது வறுத்த மாதானே, அந்தச் சால்வை அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்! டீச்சரின் கை தானாகவே கரண்டிப் பக்கம் போனது. பாதியில் நின்றது. கையை இழுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"நான் செய்யமாட்டேன். நீங்களே செய்யுங்க. நான் இருக்கேன்."

தயாபரன் பக்கத்து வீட்டு கைறுன்னிஸாவிடம் ஓடினார். அப்பத்துக்கென்று இடித்து வைத்த பச்சை மாவை அவர் ஒரு கிண்ணம் அள்ளிக் கொடுத்தார். "மெதுவாப் போங்க தம்பி, பொண்ணு எங்கயும் ஓடாது."

திரும்பி வந்தபோது டீச்சர் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். வெளியே மூட்டம் ஜன்னல்வரைக்கும் வந்திருந்தது. தயாபரன் சத்தம் காட்டாமல் புது மாவைக் கரைத்தார். இந்த முறை மா இலையோடு ஒட்டிக்கொண்டது. சீரக வாசம் எழும்பி, புகையோடும் மூட்டத்தோடும் கலந்து அந்தச் சின்ன அடுப்படியையே வேறெங்கோ கொண்டுபோனது. ஆனால் ஆச்சரியம், தயாபரனின் நினைப்பு ஓரடி நகரவில்லை. இலை சிவக்கும் நேரத்தையும் தூங்கும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு சந்தோஷம் தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது.

எண்ணெய்ச் சத்தம் அடங்க டீச்சர் விழித்தார். தட்டு மடிக்கு வந்தது. கடித்தார். மொறுக்கென்றது. ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார்.

"யாரோ சமைக்க, நான் தூங்கிட்டேன்" என்றார் கடைசியில். "எங்க வீட்ல எனக்கு அப்படித் தூக்கம் வந்ததே இல்ல."

பழக்கதோஷத்தில் தட்டோடு எழுந்து தண்ணீர்க் குழாய்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்து தட்டைத் தயாபரன் கையில் கொடுத்தார்.

"இதையும் நீங்களே கழுவிருங்க. அண்ணன்கிட்ட நாள் பாக்கச் சொல்றேன்."