சுகந்தி அக்காவின் காலில் இருந்தது அடிகாயம் இல்லை

சுகந்தி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். கணவர் அடித்து இல்லை... அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஜின்கோர்ட்டில் நாங்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் அவர்தான் கொத்துரொட்டி போடுவார். ரொட்டியைக் கொத்தும் இரண்டு இரும்புத் தகட்டையும் பிடித்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினால், வரிசையில் நிற்பவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வந்த நான் பக்கத்தில் கறி வைத்து ரோல்ஸ் சுற்றுவேன், பட்டிஸ் மடித்து ஒட்டுவேன். யாரோடும் கதைக்க மாட்டேன்.

"உனக்கு வாய் இருக்கோ, இல்லாட்டிப் பட்டிஸ் விளிம்பு மாதிரி ஒட்டிப்போட்டினமோ?" என்று சீண்டுவார்.

போன பனிக்காலம் அவருடைய கால்களில் ஊதாப் புள்ளிகள். பிறகு மூக்கால் இரத்தம், மூட்டு நோவு...

கடையில் எல்லோரும் ஒன்றையே நினைத்தார்கள். அக்கா அப்படி இல்லை என்று சொல்லச் சொல்ல, "அடி வாங்கிறவை உப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார்கள்.

ஒரு நாள் கணவர் அவரைக் கூட்டிப்போக வந்தார். கடையின் சமையல் அண்ணை அந்தக் கணவரைப் பின்கதவடியில் சுவரோடு சாத்தி, முகத்தில் மாறி மாறிக் குத்தினார்.

பனியில் இரத்தம். அந்த மனிதர் திருப்பிக் கை ஓங்கவில்லை.

அக்கா கொத்துத் தகட்டோடு ஓடி வந்தார். "இன்னொருக்கா உவரைத் தொட்டியள் எண்டா கொத்திப்போடுவன். இந்த மனுசன்தான் என்னைக் கிளினிக் கிளினிக்கா கூட்டிக்கொண்டு திரியுது."

கத்தியதில் இருமல் வந்தது. இருமலோடு இரத்தம்... ஏப்ரன் முழுக்க.

எமர்ஜென்சிக்கு நானும் போனேன். கணவரால் வாயைத் திறக்க முடியவில்லை, அதனால் நான்தான் கதைத்தேன்.

இரத்தமும் சிறுநீரும் சோதித்து, கிட்னியில் ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். வாஸ்குலைட்டிஸ்.

கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய உடம்பு, தன் இரத்தக் குழாய்களையே தாக்குகிறதாம். பெரிய குழாய்களைத் தாக்கும் வகையும் இருக்கிறதாம். அக்காவுக்கு மிகச் சிறியவை... தோலில், நுரையீரலில், கிட்னியில்.

ஸ்டீரொயிட் நிறையக் கொடுத்தார்கள், ட்ரிப்பில் இன்னொரு மருந்தும். முகம் வீங்கியது, நித்திரை போனது, கோபம் கொதித்தது.

பார்க்கப் போன என் மேல் ஆஸ்பத்திரி ஜெல்லிக் கப்பை எறிந்துவிட்டு, அவரே சிரித்தார். "இப்பதான் எங்கடை வீட்டிலை உண்மையா அடி விழுது. அவருக்கு."

புள்ளிகள் மறைந்தன. ஆனால் அந்த மருந்துகள் கிருமியை எதிர்க்கும் பலத்தையும் அடக்கிவிடும்... நிமோனியா வந்தது.

கணவரைப் பற்றி யாராவது கமெண்டில் தப்பாக எழுதினால் அழித்துவிடுவேன். சமையல் அண்ணை, அக்காவின் உடலைப் பார்வைக்கு வைக்கும்போது வருவதென்றால் முதலில் அவருடைய கணவரிடம் போங்கள்.

அக்கா... இனி ஒருவரும் ஊசி குத்த வர மாட்டினம். படுங்கோ.