கேட்காமல் எடுத்த பட்டைகள்

எங்கள் தீவில் லம்பாசா ஊர்ச் சந்தைக்குப் பின்னால், என் தையல் கடையை ஒட்டினாற்போல் வசிதியின் கணினிப் பழுதுக்கடை. பதினோரு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே சுவர். அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். கிளம்பாத கணினியை வெளியிலிருந்து உள்ளேதான் பார்ப்பாள்: மின்செருகி, கம்பி, திரை, விசைப்பலகை, அப்புறம்தான் பெட்டி. இன்னொன்று, பழுதுக்கு வந்த பொருளில் ஒரு திருகாணியைக்கூட உடையவரைக் கேட்காமல் தொட மாட்டாள். அரிச்சந்திரனுக்கு நீ என்ன உறவு என்று நானே சீண்டியிருக்கிறேன்.

கடைக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், மற்றது அவளுடைய மாமன் மகன் அபெனிசாவிடம். கடையைத் திறந்து கூட்டுவது, பெட்டி தூக்குவது எல்லாம் அவன்தான். அத்தை மகளும் மாமன் மகனும் எந்நேரமும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்பது இங்கே வழக்கம். கெரெகெரே என்று சொல்லி உறவுக்காரன் ஒன்றைக் கேட்டால், இல்லை என்பது வழக்கமில்லை. அப்படித்தான் அவளுடைய சைக்கிள் போயிற்று, புது மழைக்கோட்டும் போயிற்று. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு இணையவழித் தேர்வு. வட்டாரத்துப் பள்ளிக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அரசாங்க வேலை. பதிவு செய்த சொந்தக் கணினியில் மட்டும்தான் எழுத வேண்டும். முப்பத்தைந்து வயது வரைதான் எழுதலாம். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது.

எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. கோளாறு என்றால் கீச்சிட வேண்டிய ஒலிப்பான் எப்போதோ துருப்பிடித்து ஊமையாகிவிட்டது. அவள் பதறவில்லை. செருகியை மாற்றினாள், கம்பியை மாற்றினாள். அபெனிசா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். மின்சாரம் சரியில்லை என்றான். திரைதான் போயிருக்கும் என்றான்.

வேறு திரை ஒன்று கடையிலேயே இருந்தது, ஆனால் அது பழுது நீக்கி வைத்திருந்தது, ஆஸ்பத்திரி நர்சம்மாவுடையது. ஒரு நாள் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்க வெயிலில் மேடேறிப் போனாள். போய் வர முக்கால் மணி நேரம். அதை மாட்டியும் இருட்டு. கடைசியாகப் பெட்டியைத் திறந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

நினைவகப் பட்டைகள் இரண்டும் இல்லை; அவை இல்லாமல் கணினி கிளம்பாது. அவற்றைப் பற்றும் பிடிகள் மட்டும் ஒழுங்காக மூடியிருந்தன. அவை பழைய ரகப் பட்டைகள். கடையில் கிடந்த மடிக்கணினிகளின் பட்டை எதுவும் அதில் ஏறாது.

அவள் கத்தவில்லை. டார்ச் வெளிச்சம் ஆடுவதைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பட்டை எங்க, மச்சான்?"

முந்தின நாள் மாலை ரக்பி மன்றத்தில் ஆட்டத்தின் வீடியோ போட்டார்களாம். அங்கிருந்த கணினி திக்கித் திணறியதாம். இவன் பட்டைகளைக் கொண்டுபோய் அதில் மாட்டியிருக்கிறான். காலையில் எடுத்து வந்துவிடலாம் என்று நினைத்தானாம்; மன்றத்துச் சாவிக்காரன் விடியுமுன்னே பக்கத்து மாகாணமான புவாவுக்குப் போய்விட்டான், ஒன்பதரை மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னவனை இன்னும் காணோம்.

"நீ பெட்டியக் கடைசியிலதான் தொறப்பேன்னு தெரியும் புள்ள. அதுக்குள்ள பஸ் வந்துரும்னு நெனச்சேன்."

இதைச் சொல்ல அவனுக்கு வாய் வந்தது பாருங்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், அதிலும் இந்த வேலி டார்ச் வேறு பிடித்துக்கொண்டு நின்றது. இனி மன்றத்துக்குப் போய் வர நேரமில்லை; எட்டு மணிக்கே சொல்லியிருந்தால் அந்தப் பூட்டை நானே உடைத்திருப்பேன்.

பத்து அடித்தது. வசிதி திருகாணிகளை ஒவ்வொன்றாக மாட்டி முடித்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா. தேர்வு இருக்குன்னு தெரிஞ்சே கேட்டிருந்தாலும், யோசிச்சு ஏதாவது வழி பண்ணிருப்பேன். அவன் கேக்கவே இல்லியே."

அப்புறம்தான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அபெனிசா முறைப்படி மன்னிப்புக் கேட்க வந்தான். யங்கோனா வேர்க்கட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருந்தார்கள், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்படி வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவளும் அனுப்பவில்லை. கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டாள். வேரை இடித்துக் கரைத்தார்கள்; கை தட்டி, சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவன் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான்.

சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், இத்தன வருஷத்துல நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன், கெரெகெரே. கடைச் சாவி."

அவன் பெரியவர்களைப் பார்த்தான். அவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல அவனுக்கும் வழியில்லை. இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.